வாணிகக் குறியும் பொருட்பாகுபாடும்

வாணிகர் தம் சரக்கினைப் பிறர் சரக்கினின்றும் பிரித்தறிதற்பொருட்டு அதன்மேல் இடும் பெயரும் உருவும் வாணிகக் குறி எனப்படும். ஊரார் இதனை 'டிரேடு மார்க்கு' என்பர். அக்குறியைச் சர்க்காரிற் பதிந்துகொள்ள விழைவோன், பெயர் இன்னதென்று கூறுவதோடு அமையாது, அப்பெயர் எந்தச் சரக்கிற்கு உரியது, அச்சரக்கு எந்த வகுப்பினது என்றும் எழுதித் தரல் வேண்டும். பெயரைத் தேர்தற்குப் பல நாள் செலவிடுவோர் பலர். சரக்கினை விளக்கும் அவ்வொரு வரியை அரை நாழிகையில் எழுதி முடிப்பர். உரிமை நிற்பதும் வீழ்வதும் பெரும்பாலும் அவ்வரியினாலேயாம். சட்டக் கல்லூரி மாணாக்கர்க்கு உரிய பொருளைத் தமிழ் மாணாக்கராகிய நாம் எடுத்துக்கொண்டது என்னையெனின், இது முற்றும் சொல்லும் பொருளும் பற்றிய ஆராய்ச்சியாதலின் என்க.

பெயரிடுதல் மனிதற்கு மிகப் பழைய தொழில். ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்திலே, விலங்குகளும் பறவைகளும் ஆதாமினிடத்துக் கொண்டுவரப்பட, அவன் அவற்றிற்குப் பேரிட்ட வரலாற்றை நம்முள் அறியாதார் இலர். பேரிட்டபின் வருவது பாகுபாடு. அதில் நம் முன்னோர் பெரிதும் வல்லர். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு, சொற்களைத் தேவப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்றிங்ஙனம் பன்னிரண்டு தொகுதியாக வகுக்கும். அவற்றுள் ஆறாவது பல்பொருட் பெயர். ஒன்பதாவது செயல்பற்றிய பெயர். பொருள் வேறு, செயல் வேறு என்று நிகண்டாசிரியர் கொண்ட இப்பிரிவே இக்காலத்து வாணிகக் குறிச் சட்டத்திலும் சரக்கு, சேவை என்னும் பெரும் பிரிவாய் நிற்பது காண்க. பதினோராவது தொகுதி ஒருசொற் பல்பொருட் பெயர். அத்தொகுதியை மனனஞ் செய்ய நாம் பட்ட பாடு நம் வகுப்பிலுள்ளோர் அறிவர். அதன் பயன் இக்கட்டுரையிற் பின்னர்ப் புலனாகும்.

இக்காலத்து உலக நிகண்டு ஒன்றுண்டு. பிரெஞ்சு நாட்டு நீஸ் என்னும் நகரில் 1957-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் பல நாட்டார் கூடிச் செய்த உடன்படிக்கையினால் எழுந்தமையின், அதனை நீஸ் பாகுபாடு என்பர். 1961-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் இன்று 45 வகுப்புகள் உள. முதல் 34 சரக்கிற்கு, எஞ்சிய 11 சேவைக்கு. தொடக்கத்தில் 42 வகுப்புகளே இருந்தன. எங்கும் அடங்காத சேவைகளையெல்லாம் இட்டு நிரப்பிய 42-ஆம் வகுப்பு வீங்கிப்போகவே, 2002-ஆம் ஆண்டு அதனை நான்காகப் பிரித்தனர். இந்திய தேசம் அவ்வுடன்படிக்கையில் முறையாகச் சேர்ந்தது 2019-ஆம் ஆண்டிலேதான். எனினும், 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 1999-ஆம் ஆண்டு வாணிகக் குறிச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, கூடுமானவரை அவ்வுலகப் பாகுபாட்டையே தழுவுமாறு முன்னமே பதிவாளர்க்கு விதித்திருந்தது. இச்சரக்கு எவ்வகுப்பினது என்னும் ஐயம் நேரின் பதிவாளர் கூறுவதே முடிவு. அச்சட்டத்திற்கு முன்னர் இந்நாட்டில் சேவைக்குக் குறி பதியும் வழியே இல்லை. உணவுச்சாலையின் பெயர் எத்துணைப் புகழ் பெற்றிருப்பினும் அதனைச் சேவைக்குரிய குறியாகப் பதிதல் இயலாதிருந்தது.

இனி, இப்பாகுபாடு எங்ஙனம் இயங்குகின்றது என்பதை ஏட்டளவிற் கூறாது, நாம் கண்டறிந்த ஓரிடத்தை முன்வைத்துக் காட்டுவோம். சேலத்தினின்றும் இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினால் அடைவது ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்து அப்பெயர் ஆயிற்று என்பர். சேர்வராயன் மலைத்தொடரில் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அஃது அமைந்துள்ளது. நம் மாணாக்கர் கூட்டம் அங்கே சென்றிருந்தகாலை, ஏரிக்கரைக் கடைகளில் விற்கும் பொருள்களை ஒரு தாளில் எழுதிவந்தோம். காப்பிப்பொடி, மிளகு, தேன், ஆரஞ்சு, தைல வகைகள், சோப்பு, பூச்செடி, சாக்லெட்டு, சிறுதானியம் எனத் தாள் நிறைந்தது. ஒரே கடைக்காரர் ஒரே பெயரை இவையனைத்தின்மேலும் ஒட்டியிருந்தமையும் உண்டு. அப்பெயரை அவர் பதிய விழைந்தால் எத்தனை வகுப்பிற் பதிதல் வேண்டும் என்று எண்ணத் தொடங்கியதே இக்கட்டுரைக்கு வித்து.

காப்பியினின்றே தொடங்குவோம். 1820 முதல் 1829 வரை சேலம் ஜில்லாக் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் இம்மலையிற் காப்பிப் பயிரைப் புகுத்தினர். அவர்தம் கிரேஞ்சு தோட்டம் இன்றும் பேசப்படுகின்றது. தோட்டத்தில் நிற்கும் காப்பிச்செடியும் விற்பனைக்கு வளர்த்த நாற்றும் உயிருள்ள தாவரமாதலின் 31-ஆம் வகுப்பைச் சாரும். பழத்தின் தோலை நீக்கி உலர்த்திய, வறுக்காத பச்சைக் கொட்டை எதனைச் சாரும்? பண்படுத்தாத விளைபொருளெல்லாம் 31 என்பது பொதுவிதியாதலின், இதுவும் அதனுள் அடங்கும் என்றே நாம் முதலிற் கருதினோம். படிப்பார் பலரும் அவ்வாறே கருதுவர். ஆயின் வறுக்காத காப்பி 30-ஆம் வகுப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது. வறுத்ததும் 30, பொடித்ததும் 30. நம்மவர் காப்பியிற் கலக்கும் சிக்கரி இதற்கு மாறாக நடக்கும்: அதன் வேர் பச்சையாயிருக்குங்கால் 31, காப்பிக்கு ஈடாகப் பக்குவப்படுத்திய பின்னர் 30. பால் சேர்த்த காப்பிப் பானம் 30. காப்பி சிறிதே கலந்து பால் மிக்கிருக்கும் பானம் 29. இல்லத்தில் பால் மிகுந்ததா காப்பி மிகுந்ததா என்று பாட்டிமார் தொடுக்கும் வழக்கு இங்கே சட்டமாகி நிற்பது வியப்பன்றோ? காப்பிச் சுவையூட்டிய மதுவகை 33-ஆம் வகுப்பு. நம் கல்லூரி இதழ் அதனைத் தொடாது செல்லுதல் நன்று.

சரக்கைவிட்டுக் கருவிக்கு வருவோம். கையால் சுழற்றும் காப்பி அரைவை 21-ஆம் வகுப்பு; மின்சாரத்தால் ஓடும் அரைவை இயந்திரம் 7. கொட்டையை வறுக்கும் இயந்திரமும் மின்சாரக் காப்பி இயந்திரமும் 11. நம் வீடுகளிலுள்ள பித்தளைப் பில்டரும் டபராவும் டம்ளரும் 21. காகிதத்தாற் செய்த வடிதாள் 16. இத்துணைக் கருவிகளும் ஒரே அடுக்களையில் ஒரே அலமாரியில் இருப்பினும் பாகுபாட்டில் நான்கிடத்துச் சிதறிக் கிடக்கின்றன. காரணம், முற்றுப்பெற்ற பொருளை அதன் தொழிலும் பயனும் நோக்கி வகுத்தல், மூலப்பொருளை அஃது ஆகிய பண்டம் நோக்கி வகுத்தல் என்னும் நெறியே. இந்நெறியை மனங்கொள்வோர் பட்டியல் முழுதையும் உருவிடவேண்டா.

பின்னர்ச் சேவை. அதே காப்பியைக் கோப்பையில் ஊற்றி அமர்ந்து பருகக் கொடுத்தால் 43. அயலார் தோட்டத்துக் கொட்டையைக் கூலிக்குப் பக்குவஞ் செய்து கொடுத்தால் 40. பலருடைய காப்பிகளையும் ஓரிடத்துத் திரட்டி வாங்குவோர் தேர்ந்துகொள்ள வைக்கும் கடைத்தொழில் 35. தோட்டத்தைச் சுற்றிக் காட்ட வண்டியில் அழைத்துச் செல்லும் பயண ஏற்பாடு 39. காப்பி வளர்ப்பைக் கற்பித்தல் 41. பிறர் தோட்டத்திற்கு மருந்து தெளித்தல் முதலிய வேளாண்மைப் பணி 44. தன் தோட்டத்துக் காப்பியைத் தானே விற்போன் 35-ஆம் வகுப்பை நாடவேண்டுவதில்லை. அவனது விற்பனை அவன் சரக்கின் வகுப்பினுள்ளேயே அடங்கும். இதனை அறியாது, கடையென்றொன்று இருத்தலாலே 35-க்கும் கட்டணம் செலுத்துவார் உளர்.

கட்டணம் என்றமையின் ஒன்று கூறவேண்டும். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி தனிமனிதரும் சிறுதொழிலாளரும் மின்வழி விண்ணப்பிக்குங்கால் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய். பெரிய கம்பெனிகட்கு 9,000 ரூபாய். ஒரே விண்ணப்பத்திற் பல வகுப்பைக் கேட்கலாமெனினும், கட்டணம் வகுப்புத்தோறும் பெருகும். மூன்று வகுப்பென்றால் 13,500. ஈரேக்கர் மிளகும் காப்பியும் வைத்திருக்கும் ஒரு மலைக்குடியானவனுக்கு இது சிறு தொகையன்று. ஆதலின் எதனைக் கேட்பது எதனை விடுவது என்பது அவன் பிழைப்பைப் பற்றிய வினா.

மிளகுக்கொடி சவுக்கைப்போல் நெடிதோங்கும் சில்வர் ஓக்கு மரத்திற் படர்கின்றது. அம்மரம் வெட்டுண்டு பட்டையோடு கிடக்குங்கால் 31, அறுத்துச் சீராக்கிய பலகையானால் 19, நாற்காலியானால் 20. தேன் 30, அதே கூட்டினின்று எடுத்த மெழுகு 4. ஆரஞ்சுப் பழம் 31. அதன் சாறு 32. சர்க்கரையிற் காய்ச்சிய ஜாம் 29. மலையாளிகள் எனப்படும் இம்மலைப் பழங்குடியினர் விளைக்கும் சாமையும் தினையும் உமியோடிருக்கும்போது 31-ஐச் சாரும். உமி நீக்கி அரிசியாக்கினாலும் மாவாக்கினாலும் 30. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தார் ஏற்காட்டில் ஆர்க்கிடு மலர்ச்செடிகளைப் போற்றி வளர்க்கின்றனர்; அத்தகைய உயிர்ச்செடி 31, துணியாற் செய்த போலிமலர் 26. மேட்டூரில் இருந்த அலுமினியத் தொழிற்சாலைக்கு இம்மலையின் பாக்சைட்டு சென்ற காலமும் உண்டு. உலோகக் கற்கள் பொதுவாக 6-ஆம் வகுப்பு எனினும், பாக்சைட்டு மட்டும் இரசாயனப் பொருள்களோடு 1-ஆம் வகுப்பில் வைக்கப்பட்டுள்ளது; அதனின்று பிறந்த அலுமினியம் 6-க்குத் திரும்பும்; அலுமினியக் குண்டான் 21-க்குப் போய்விடும்.

மலையடிவாரத்துச் சேலத்தில் இதனினும் சுவையுள்ள சான்று ஒன்றுளது. மரவள்ளிக்கிழங்கினின்றும் எடுக்கும் வெண்மாவை நம்மவர் ஸ்டார்ச்சு என்பர். அது சமையலுக்காயின் 30. துணிக்குக் கஞ்சியிடவாயின் 3. ஆலைகளில் தொழிலுக்குப் பயன்படுவதாயின் 1. நோயாளர்க்குரிய பத்திய உணவுக்காயின் 5. எழுதுபொருட் கடையில் ஒட்டுப் பசையாக விற்பதாயின் 16. கண்ணுக்கும் கைக்கும் ஒன்றாயுள்ள மாவு, கருத்தினால் ஐந்தாகின்றது. அம்மாவையே உருட்டிப் பக்குவஞ் செய்த சேலம் ஜவ்வரிசி 2023-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. விண்ணப்பத்தில் 'மரவள்ளி மாவு' என்று மட்டும் எழுதுவோன் பதிவாளருடைய ஐயத்தை விலைகொடுத்து வாங்குகின்றான்.

இங்கே நாம் முற்கூறிய பதினோராம் தொகுதி பயன்படுகின்றது. நம் மொழியில் 'பொடி' என்னும் சொல்லை நோக்குக. தனித்து வழங்கின் பலர்க்கும் அது மூக்குப்பொடியைக் குறிக்கும். அது 34-ஆம் வகுப்பு. காப்பிப்பொடி 30, பால்பொடி 29, பற்பொடி 3, பூச்சிப்பொடி 5. 'எண்ணெய்' என்பதோ எள்ளின் நெய் என்னும் காரணத்தாற் பிறந்து, பின்னர் எல்லா நெய்மத்திற்கும் பொதுப்பெயராயிற்று. தாளிக்கும் எண்ணெய் 29, தலைக்குத் தேய்ப்பது 3, மருந்தெண்ணெய் 5, இயந்திரத்திற்கு இடுவதும் விளக்கெரிப்பதும் 4. ஏற்காட்டுக் கடைகளில் விற்கும் யூக்கலிப்டசு தைலமும் இத்தன்மையதே: சளிக்கு மருந்தென்று விற்பின் 5, நறுமணத்திற்கென்று விற்பின் 3. ஆதலின் சரக்கைக் கூறுவோன் பண்டத்தின் பெயரோடு பயனையும் சேர்த்துக் கூறல் வேண்டும்.

இன்னொரு சொல்லும் ஆபத்தானது. அது 'முதலியன'. பரீட்சையில் விடை மறந்தபோது நம்மைக் காப்பது அச்சொல்லே. மேலே வேளாண்மைப் பணியைக் கூறியவிடத்து நாமும் அதனைக் கையாண்டோம். கட்டுரையில் அது பொறுக்கத்தக்கது. பதிவேட்டிலோ 'காப்பி முதலியன' என்பது காப்பிக்கன்றி வேறெதற்கும் தெளிந்த உரிமை தாராது. இலண்டனிலுள்ள காப்புரிமை முகவர் சங்கத்தார் 2009-ஆம் ஆண்டு, 'ஐ. பி. டிரான்ஸ்லேட்டர்' என்னும் பெயரை 41-ஆம் வகுப்பின் தலைப்பை அப்படியே எடுத்தெழுதிப் பதிய விண்ணப்பித்தனர். அவ்வகுப்பின் தலைப்பிற் கல்வி, பயிற்சி, பொழுதுபோக்கு, விளையாட்டு என்பன உள. மொழிபெயர்ப்பு என்னும் சொல் இல்லை. ஆயினும் மொழிபெயர்ப்புத் தொழில் அவ்வகுப்பிற்கே உரியது. தலைப்பைக் கூறினால் வகுப்பு முழுதும் கூறியதாகுமா என்று கேட்கவே அவ்விண்ணப்பம் செய்யப்பட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் விடையிறுத்தது: சரக்கும் சேவையும் அவ்விவரத்தைப் படித்த அளவிலே அதிகாரிகளும் வாணிகரும் உரிமையின் எல்லையை அறியுமாறு தெளிவாகவும் துல்லியமாகவும் இருத்தல் வேண்டும், வகுப்பு முழுதும் கருதினால் அதனை வெளிப்பட எழுதுக. மொழிபெயர்ப்பைப் பாடமாகக் கொண்ட நமக்கு இவ்வழக்கு தனி இன்பம் தருகின்றது.

மிகக் குறுக எழுதினும் குற்றம், மிக விரித்து எழுதினும் குற்றம். விரித்தெழுதிய குற்றத்திற்கு நம் நாட்டிலே புகழ்பெற்ற வழக்கு ஹைதராபாத்து 'சார்மினார்' பற்றியது. வஜீர் சுல்தான் புகையிலைக் கம்பெனியார் அப்பெயரைப் பக்குவப்படுத்திய புகையிலை என்னும் பரந்த விவரத்தோடு பதிந்திருந்தனர். செய்து விற்றதோ சிகரெட்டு ஒன்றே. ஜர்தாவும் கிவாமும் விற்ற வேறொரு வாணிகர் அப்பதிவைக் குறுக்குமாறு கேட்டனர். சுப்ரீம் கோர்ட்டார் 1996-ஆம் ஆண்டு, செய்யாத சரக்கிற்கெல்லாம் வேலியிட்டுக்கொண்டு பிறரைத் தடுத்தல் தகாதெனக் கொண்டு, பதிவு சிகரெட்டளவில் நிற்குமாறு தீர்த்தனர். பதிந்த பெயரை ஐந்தாண்டும் மூன்று மாதமும் வழங்காதொழியின் அதனை நீக்குமாறு பிறர் கேட்கலாம் என்று 47-ஆம் பிரிவும் கூறுகின்றது. இங்கிலாந்தில் 'ஸ்கை' என்னும் ஒளிபரப்புக் கம்பெனியார் தம் பெயரை வெளுப்புப் பொருளுக்கும் பயணப் பெட்டிக்கும் சாட்டைக்குங்கூடப் பதிந்து வைத்திருந்தனர். அவ்வகைப் பேராசை நன்னோக்கமன்று என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024-இற் கூறிற்று. ஒளிபரப்புவோர்க்குச் சாட்டை எதற்கு என்பது நமக்கும் விளங்கவில்லை.

வகுப்பு ஒன்றாயிருத்தலாலே சரக்கும் ஒன்றாகிவிடாது என்பது இப்பாகுபாட்டைப் பயில்வோர் மறக்கும் செய்தி. கர்நாடகப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சம்மேளனத்தார் 1985 முதல் 'நந்தினி' என்னும் பெயரிற் பால் விற்கின்றனர். பெங்களூரில் 1989 முதல் 'நந்தினி' என்று அதே ஒலியுள்ள பெயரால் உணவுச்சாலை நடத்துவோர், தம் உணவுப்பொருள்கட்கு அதனைப் பதிய விழைந்தனர். இருவர் சரக்கும் 29, 30 என்னும் வகுப்புகளிலே விரவி நின்றன. சுப்ரீம் கோர்ட்டார் 2018-ஆம் ஆண்டு உணவுச்சாலையார் பக்கமே தீர்த்தனர். ஒரு வகுப்பிற் சில பொருளை விற்போர் அவ்வகுப்பு முழுதுக்கும் உரிமை கொண்டாடல் ஒண்ணாது என்பதும், பாலும் பாற்பொருளும் உணவுச்சாலையார் பட்டியலினின்று நீக்கப்பட வேண்டும் என்பதும் தீர்ப்பின் சாரம். நோக்குக: வழக்கை முடித்தது பட்டியலில் ஒரு தொடரை வெட்டியதே. இதன் மறுதலையும் உண்டு. 1959-இல் தீர்ந்த வழக்கொன்றில், 'குளூகோவிட்டா' என்னும் குளுகோசு மாவும் 'குளூவிட்டா' என்னும் பிஸ்கோத்தும் வெவ்வேறு பொருளாயினும், குளுகோசு பிஸ்கோத்திற்கும் உறுப்பாதலின் வாங்குவோர் மயங்குவர் என்று அக்கோர்ட்டாரே கருதினர். ஆகவே வகுப்பு எண் ஓர் அலமாரியின் எண். உறவும் பகையும் சரக்கின் இயல்பு, வாங்குவோர், விற்குமிடம் என்பவற்றால் ஆராயப்படும்.

இனிப் பெயருக்கும் சரக்கிற்கும் உள்ள தொடர்பு. நன்னூலார் பெயர்ச்சொல்லை இடுகுறி, காரணம் என்று இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் பொது, சிறப்பு எனப் பிரிப்பர். சட்டத்தின் ஒன்பதாம் பிரிவைப் படித்தபோது பவணந்தி முனிவரே அதனை எழுதினரோ என்று நாம் மருண்டோம். சரக்கின் இயல்பையே கூறும் காரணப்பெயரும், அச்சரக்கிற்குப் பொதுவாய் வழங்கும் பெயரும் பதிவிற்கு ஆகா; தொடர்பில்லாத இடுகுறியே வலியுடையது. ஆனால் ஒரு பெயர் காரணமா இடுகுறியா என்பதைச் சரக்கை நோக்காமற் கூறலாகாது. 'மணம்' என்பது காப்பிக்குக் காரணப்பெயர், ஆணிக்கு இடுகுறி. இதனாலும் சரக்கு வரி இன்றியமையாததாகின்றது.

இடப்பெயரின் நிலை இன்னும் நுட்பமானது. 'ஏற்காடு' என்றொரு பெயரைக் காப்பிக்கு இட்டால் அது விளைந்த இடத்தைச் சொல்லுதலின் இடவாகுபெயரை ஒக்கும். நெடுங்காலம் வழங்கித் தனிப்பெயராயினாலன்றி ஒருவர்க்கு உரிமையாகாது. ஊர்ப்பெயர் ஊரார் அனைவர்க்கும் பொதுவன்றோ? அப்பொதுமையைக் காக்கவே புவிசார் குறியீட்டுச் சட்டம் வேறாக உள்ளது. குடகு, வயநாடு, சிக்கமகளூர், அரக்குப் பள்ளத்தாக்கு, பாபாபூதன்கிரி ஆகிய ஐந்திடத்துக் காப்பிகள் 2019-ஆம் ஆண்டு அக்குறியீட்டைப் பெற்றன. காப்பி வாரியத்தார் வட்டாரக் காப்பிகளுள் ஒன்றாகச் சேர்வராயனையும் எண்ணித் தனிச் சின்னம் வகுத்துள்ளனர். ஆயினும் அவ்வைந்தனுள் அஃது இல்லை. இருநூறாண்டுப் பயிரைக் கொண்ட மலை பின்தங்கி நிற்பது நமக்கு வருத்தமே.

புவிசார் குறியீடு சரக்கிற்கு மட்டுமே உரியது, சேவைக்கு அன்று. கல்கத்தாவில் ஒரு பெரிய ஹோட்டலார் தம் ஓய்வறைக்கு 'டார்ஜிலிங் லவுஞ்சு' என்று பெயரிட, தேயிலை வாரியத்தார் வழக்குத் தொடுத்தனர். கல்கத்தா ஐகோர்ட்டார் 2019-இல், டார்ஜிலிங் என்னும் பெயருரிமை தேயிலைக்கே. ஓய்வறை தேயிலையன்று என்று வழக்கைத் தள்ளினர். நாளை சேர்வராயன் காப்பி அக்குறியீட்டைப் பெறினும், அப்பெயரால் தங்குவிடுதி நடத்துவோரை அதுகொண்டு தடுத்தல் எளிதாகாது.

விண்ணப்பம் ஆங்கிலத்திலேனும் ஹிந்தியிலேனும் இருத்தல் வேண்டும் என்பது விதி. தமிழெழுத்திலுள்ள பெயரைக் குறியாகக் கேட்போன் அதன் ஒலிபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் உடன் தரவேண்டும். தமிழிற் 'பொடி' என்று எண்ணி ஆங்கிலத்திற் 'பவுடர்' என்று எழுதிக்கொடுத்துவிடும் எழுத்தரிடம் மலைவாணர் தம் உரிமையை ஒப்படைக்கின்றனர். நம்போன்ற மாணாக்கர் அவ்வரியைப் படித்துக் காட்டினாலும் பெரிய உதவியாகும். நாம் கற்பனையாய்க் கொண்ட மலைக்குடியானவன் காப்பி, மிளகு, தேன் மூன்றையும் விற்பவனாயின் அவன் வரி இங்ஙனம் அமையலாம்: 'வகுப்பு 30: வறுக்காத காப்பி, வறுத்த காப்பி, காப்பிப்பொடி, சிக்கரி கலந்த காப்பிப்பொடி, மிளகு, தேன்.' மூன்று சரக்கும் ஒரே வகுப்பில் அடங்குதலின் 4,500 ரூபாயோடு முடிந்தது. பச்சை ஆரஞ்சையும் இப்பெயராற் கூடையிலிட்டு விற்கக் கருதின் 31-ஐச் சேர்ப்பான், இல்லையேல் விடுவான். காப்பிக்கடை வைக்கும் எண்ணம் உறுதியாயின் 43. கடைசி இரண்டையும் பின்னர்த் தனி விண்ணப்பத்தால் கேட்டுக்கொள்ளவும் கூடும். முதல் விண்ணப்பத்திற் புகுத்தல் மட்டும் இயலாது. ஏனெனில் விதியின்படி, கொடுத்த பட்டியலினின்று ஒரு சரக்கை நீக்கலாம். புதிய சரக்கைச் சேர்த்து அதனை விரிக்கலாகாது.

தமிழ்நாட்டு விண்ணப்பங்களைச் சென்னை கிண்டியிலுள்ள பதிவகத்தார் ஆராய்கின்றனர். ஏற்கப்பட்டவை வாணிகக் குறி இதழில் வெளிவரும். அவ்விதழிற் பெயரின் கீழே வகுப்பெண்ணும் சரக்கு வரியும் அச்சிடப்பட்டிருக்கும். அதனைக் கண்டு தடை கூற விழைவோர்க்கு நான்கு மாதத் தவணை உண்டு. தடை வாராதாயின் பதிவு பத்தாண்டு நிற்கும், பத்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கவும் படும்.